இரண்டாவது மணித்தியாலம்

1908ஆம் ஆண்டு சனவரி மாதத்தில், இங்கிலாந்தின் ஸ்டபட்ஷயர்ப் பகுதியிலுள்ள லோங்டன் என்னும் ஊரில், ஒரு வெள்ளிக்கிழமை மாலை வகுப்பொன்று தொடங்கியது. லோங்டன் பீங்கானுக்குப் பேர்பெற்ற ஊர். தேநீர்க் கோப்பையைக் கவிழ்த்து அதன் அடியிலுள்ள எழுத்தைப் படித்துப் பார்க்கும் வழக்கமுடையோர், ஸ்டபட்ஷயர் என்னும் பெயரை ஒருமுறையேனும் கண்டிருப்பர். அந்நாளில் அவ்வூரின் வானம் சூளைப் புகையால் மூடியிருந்தது. பகல் முழுவதும் களிமண்ணோடும் நிலக்கரியோடும் போராடிய தொழிலாளரும், அவர்களோடு சில இலிகிதரும் ஆரம்ப பாடசாலை ஆசிரியரும் அவ்வகுப்பில் வந்து அமர்ந்தனர். பாடம் பொருளாதார வரலாறு. கற்பிக்க வந்தவருக்கு வயது 27. ஒக்ஸ்போட் பல்கலைக்கழகத்தில் பயின்ற அவ்விளைஞரின் பெயர் ஆர். எச். டோனி. மறுநாள் சனிக்கிழமை பிற்பகல், ஆலைகள் அரைநாளோடு மூடப்பட்ட பின்னர், அவரே ரொச்டேல் என்னும் பஞ்சாலை நகரிலும் இதே போன்ற வகுப்பை நடத்தினார்.

டோனி பிறந்தது கல்கத்தாவில். அவருடைய தந்தையார் அங்கே பிரசிடென்சிக் கல்லூரியின் அதிபராயிருந்த வடமொழி வல்லுநர். கதாசரித்சாகரத்தை ஆங்கிலத்திலே தந்தவர். மகனோ கதைக்கடலை விட்டு, கூலிக் கணக்கும் குடியானவர் வழக்கும் நிறைந்த கடலிலே இறங்கினார்.

இவ்வகுப்புக்களை ஏற்படுத்தியது தொழிலாளர் கல்விச் சங்கம். கூட்டுறவுச் சங்கக் காரியாலயமொன்றில் இலிகிதராயிருந்த அல்பர்ட் மான்ஸ்பிரிட்ஜ் என்பவர் 1903இல் அதனை நிறுவினார். வகுப்பின் விதிகள் சிலவே. முப்பது பேருக்கு மேற்படாத மாணவர். மூன்று ஆண்டுகள் தவறாது வருவதாக ஒவ்வொருவரும் வாக்குக் கொடுத்தல். ஆண்டுக்கு இருபத்துநான்கு வகுப்புக்கள். இரு கிழமைக்கு ஒரு கட்டுரை. பரீட்சை கிடையாது. பட்டமும் கிடையாது. வகுப்பு இரண்டு மணித்தியாலம் நடைபெறும். முதலாவது மணித்தியாலம் ஆசிரியருக்குரியது. இரண்டாவது மணித்தியாலம் மாணவருக்குரியது. அந்த நேரத்தில் மாணவர் கேட்கலாம், மறுக்கலாம், ஆசிரியர் கூறியது பிழையென்று நிறுவலாம். ஆசிரியர் அதற்கு விடைகூறக் கடமைப்பட்டவர்.

இந்த இரண்டாவது மணித்தியாலம் எப்படிப் பிறந்தது என்பதற்கு ஒரு சிறு வரலாறு உண்டு. 1860களின் பிற்பகுதியில் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஜேம்ஸ் ஸ்டுவட் என்பவர் இதே ரொச்டேலுக்கு வந்து விரிவுரை செய்தார். 1844இல் உலகறிந்த கூட்டுறவுக் கடையைத் தொடங்கிய ஊர் அது. இலங்கையில் ஐக்கிய பண்டகசாலையில் அரிசி வாங்கியோர் யாவரும் அவ்வூருக்கு ஒருவகையிற் கடன்பட்டவரே. ஒருநாள் விரிவுரை முடிந்ததும், சுவரில் மாட்டிய விளக்கப் படங்களை அவர் அப்படியே விட்டுச் சென்றார். அடுத்த கிழமை அவர் வந்தபோது, அப்படங்களைப் பற்றிச் சிலர் தமக்குள் வாதித்திருந்ததை அறிந்தார். அவரிடம் கேட்பதற்கு அவர்களிடம் வினாக்கள் பல இருந்தன. அன்று தொட்டு, விரிவுரையோடு வினாவுக்கென ஒரு தனி நேரத்தையும் அவர் ஒதுக்கலானார். சுவரிலிருந்து கழற்றப்படாத சில படங்கள் ஒரு போதனா முறைக்கு வித்திட்டன. நூற்றுக்கணக்கானோர் அமர்ந்து கேட்டுக் கைதட்டிக் கலைந்துபோகும் பெருங்கூட்ட விரிவுரைகள் அதன் பின்னரும் நெடுங்காலம் நடந்தே வந்தன. அவை போதா என்று தொழிலாளரே குறைகூறியதனாற்றான் டோனியின் சிறு வகுப்பு உருவாயிற்று.

இரண்டாவது மணித்தியாலத்தில் நிகழ்வது யாது? லோங்டனின் தொழில்முறை ஒன்றைக் கொண்டு இதனை விளங்கிக்கொள்ளலாம். அக்காலத்துப் பாண்டத் தொழிலில், சூளையிலிருந்து பழுதின்றி வெளிவந்த பாண்டத்துக்கே கூலி என்றொரு வழக்கம் இருந்தது. ஒருவர் வனைவார், வேறொருவர் சூளைக்குள் அடுக்குவார், இன்னொருவர் தீ மூட்டுவார். அடுக்கியவர் தவறினாலோ தீ மிஞ்சினாலோ பாண்டம் வெடிக்கும். இழப்பு வனைந்தவர் தலையில் விழும். கூலி என்பது உழைப்பின் விலை, அது தேவையாலும் அளிப்பாலும் நிருணயிக்கப்படுவது, இருவர் மனமொத்துச் செய்யும் பேரம் என்று அந்நாளைய பாடநூல்கள் எழுதின. ஒக்ஸ்போட்டில் இருபது வயது மாணவர் அதனைக் குறித்துக்கொண்டு போவர். லோங்டனிலோ, அந்த வாக்கியத்தைக் கேட்டுக்கொண்டிருப்பவர் கூலி இழந்த பாண்டங்களை எண்ணிப் பார்த்த மனிதர். எந்தச் சந்தையில், எவருக்கும் எவருக்கும் இடையில் அந்தப் பேரம் நடந்தது என்ற வினா அவரிடம் உண்டு. அவ்வினாவுக்கு விடை தேடும் ஆசிரியர் தம் பாடநூலைத் திரும்பப் புரட்டியே ஆகவேண்டும். வினா எழுப்பியவரும், தம் சூளையின் அநீதி எங்கு தொடங்கியது, பிற தொழில்களில் எப்படி, பிற நாடுகளில் எப்படி என்று படித்தாகவேண்டும். அடுத்த கட்டுரையில் அவர் வெறுங் கோபத்தை எழுதிக் கொடுத்தால் அது திருப்பியனுப்பப்படும். இருவருக்கும் வேலை உண்டு என்பதே இம்முறையின் சிறப்பு.

டோனிக்கு இது முகஸ்துதியாயிருக்கவில்லை. 1912இல், பதினாறாம் நூற்றாண்டில் இங்கிலாந்தின் குடியானவர் நிலமிழந்த வரலாற்றை அவர் நூலாக வெளியிட்டார். அதன் முன்னுரையில், நூல்களில் எளிதிற் கிடையாத பலவற்றை நெசவாளரும் பாண்டத் தொழிலாளரும் சுரங்கத் தொழிலாளரும் பொறித் தொழிலாளரும் தம்மோடு மோதியே தமக்குக் கற்பித்தனர் என்று வெளிப்படையாக நன்றி கூறினார். மாணவரின் தரத்தைப் பற்றி ஐயுற்றோருக்கும் விடை கிடைத்தது. ஒக்ஸ்போட்டின் பேலியல் கல்லூரியைச் சேர்ந்த ஏ. எல். ஸ்மித் இவ்வகுப்புக்களின் கட்டுரைகளைப் பார்வையிட்டு, அவற்றுள் ஏறக்குறைய நாலிலொரு பங்கு, தம் பல்கலைக்கழகத்தில் வரலாற்றுப் பாடத்தில் முதல் வகுப்பிற் சித்தியெய்தியோரின் எழுத்துக்கு ஒப்பானது என்று கூறினார். நாள்முழுதும் தறியின் முன்னே நின்ற பின்னர், குடும்பத்தார் உறங்கிய வீட்டில் எழுதப்பட்ட கட்டுரைகள் அவை.

ஆயினும் எல்லாத் தொழிலாளரும் இவ்வேற்பாட்டைப் போற்றினர் என்பதற்கில்லை. ஒக்ஸ்போட் நகரில் தொழிலாளருக்கென 1899இல் நிறுவப்பட்ட ரஸ்கின் கல்லூரியில் 1909இல் மாணவர் வேலைநிறுத்தம் நிகழ்ந்தது. விரிவுரைகளை அவர்கள் பகிஷ்கரித்தனர். அதிபர் டெனிஸ் ஹேர்ட் என்பவரைப் பதவியிலிருந்து அகற்றியதற்கு எதிராக எழுந்த அக்கிளர்ச்சியின் ஆழத்தில் வேறொரு முறைப்பாடு இருந்தது. வினாக் கேட்க விடுகிறீர்கள், நன்று. ஆனால் எதைப் படிப்பது, எந்த நூலைப் படிப்பது என்பதை நிருணயிப்பது யார்? நடுநிலை என்ற பெயரில் முதலாளியின் பொருளாதாரமே கற்பிக்கப்படுகிறது என்று அவர்கள் வாதித்தனர். கிளர்ச்சி செய்தோர் பிரிந்து சென்று மத்திய தொழிற் கல்லூரி என ஒன்றை நிறுவினர். தென் வேல்சின் சுரங்கத் தொழிலாளரும் புகையிரதத் தொழிலாளரும் அதற்குப் பொருளுதவி செய்தனர். அவர்களின் குற்றச்சாட்டில் உண்மை இருந்தது என்பதை மறுத்தல் அரிது. வினாவுக்கு இடங்கொடுத்துவிட்டு, வினாவின் எல்லையை முன்கூட்டியே வரைந்து வைக்கும் ஆசிரியர் எக்காலத்தும் உண்டு. ஆனால் அவர்களின் புதிய கல்லூரியும் தன் கொள்கையை ஐயத்துக்கு அப்பாற்பட்டதாகவே பெரும்பாலும் கற்பித்தது. அது 1929இல் மூடப்பட்டது. அங்கே 1919 முதல் 1921 வரை பயின்ற சுரங்கத் தொழிலாளர் ஒருவர் பின்னர் பிரித்தானியாவின் இலவச வைத்திய சேவையை நிறுவிய அமைச்சரானார். அவர் அனூரின் பெவன். அவர் மணந்தது ஜெனி லீ என்னும் ஸ்கொட்லாந்துச் சுரங்கத் தொழிலாளியின் மகளை. அவ்வம்மையாரின் பெயர் பின்னர் மீண்டும் வரும்.

பல்கலைக்கழகத்தின் கதவைத் திறப்பது வேறு, அதன் உள்ளே வினாவுக்கு இடம் வைப்பது வேறு என்பதற்கு இலங்கையரே நல்ல சாட்சிகள். 1858 முதல் லண்டன் பல்கலைக்கழகம், தன் கல்லூரிகளில் காலடி வைக்காதவரும் தன் பரீட்சைக்குத் தோற்றிப் பட்டம் பெறலாம் என்று விதித்தது. 1921இல் கொழும்பில் நிறுவப்பட்ட பல்கலைக்கழகக் கல்லூரியும், 1942இல் இலங்கைப் பல்கலைக்கழகம் தோன்றும்வரை, அந்த லண்டன் பரீட்சைக்கே மாணவரைத் தயார் செய்தது. கல்லூரிக்குப் போக வசதியில்லாத ஆசிரியரும் இலிகிதரும் வீட்டு விளக்கின் முன்னே அதே பரீட்சைக்குத் தாமே படித்தனர். அந்த வாயில் திறந்திராவிடில் பலருடைய வாழ்வு வேறாயிருக்கும். எனினும், வினாத்தாள் கப்பலில் வந்தது, விடைத்தாள் கப்பலிற் சென்றது; இடையில் மாணவரின் வினா எங்கும் செல்லவில்லை. பரீட்சகர் எதிர்பார்ப்பது எதுவென ஊகித்து எழுதுவதே கல்வி என்றாகிவிடும் அபாயம் அம்முறையில் இருந்தது. முதலாவது மணித்தியாலம் மட்டும் உள்ள கல்வி அது, அதுவும் அச்சில்.

1963 செப்டெம்பரில் பிரித்தானியத் தொழிற்கட்சித் தலைவர் ஹரல்ட் வில்சன், கிளாஸ்கோ நகரிற் பேசியபோது, வானொலி, தொலைக்காட்சி வழியாகக் கற்பிக்கும் ஒரு பல்கலைக்கழகத்தை முன்மொழிந்தார். அவர் பிரதமரான பின், 1965இல் அப்பொறுப்பு ஜெனி லீ அம்மையாரிடம் ஒப்படைக்கப்பட்டது. கணவர் பெவன் 1960இல் காலமாகியிருந்தார். எடின்பரோவிற் பட்டம் பெற்றிருந்த அம்மையார் ஒரு விடயத்தில் அசையவில்லை: இது ஏழைகளுக்கான தாழ்ந்த தரப் பல்கலைக்கழகமாயிருக்கக் கூடாது, பட்டம் பட்டமாகவே இருக்கவேண்டும். எதிர்க்கட்சியின் இயன் மக்லியோட் இத்திட்டத்தை வெறும் பிதற்றல் என இகழ்ந்தார். 1969 ஏப்ரலில் அரச பட்டயம் வழங்கப்பட்டுத் திறந்த பல்கலைக்கழகம் தோன்றியது. 1971 சனவரியில் ஏறத்தாழ 24,000 மாணவர் படிக்கத் தொடங்கினர். சேர்வதற்கு முன்தகைமை எதுவும் வேண்டப்படவில்லை. முதல் வேந்தர் குரோதர் பிரபு, தம் தொடக்கவுரையில், அது திறந்திருக்கவேண்டியவை நான்கென வகுத்தார்: ஆட்கள், இடங்கள், முறைகள், கருத்துக்கள். முதல் மூன்றும் பணத்தாலும் பொறியாலும் ஆகக்கூடியவை. நான்காவது அவ்வாறன்று.

அங்கே எழுந்த இடர் வெளிப்படையானது. ஒலிபரப்பு ஒருவழிப் பாதை. வானொலிப் பெட்டியின் முன்னிருப்பவர் எவ்வளவு உரக்க மறுத்தாலும் பேசுபவர் காதில் அது விழாது. இருபத்துநாலாயிரம் பேருக்கு இரண்டாவது மணித்தியாலத்தை எங்ஙனம் தருவது? முதல் துணைவேந்தரான வோல்டர் பெரியும் அவரோடு பணியாற்றியோரும் கண்ட விடை, ஒலிபரப்பை மட்டும் நம்பாமையே. பாடங்கள் அச்சிற் சென்றன. ஒலிபரப்பு அவற்றுக்குத் துணையாயிற்று. ஒவ்வொரு மாணவருக்கும் அவரவர் பகுதியிலே ஒரு போதனாசிரியர் நியமிக்கப்பட்டார். மாணவர் எழுதும் ஒப்படைகள் தபாலில் அவரிடம் செல்லும். அவர் புள்ளியிடுவதோடு அமையாமல், ஓரத்திலே தம் கருத்தை எழுதவேண்டும்: இந்த முடிவுக்கு ஆதாரம் யாது, எதிர்த்தரப்பை ஏன் கூறவில்லை, பாடநூல் கூறியதை ஏன் அப்படியே ஒப்புவித்தீர் என்று. போதனாசிரியரின் திருத்தங்களிற் சில மத்திய நிலையத்திற் பரிசோதிக்கப்பட்டன. அதாவது திருத்துபவரும் திருத்தப்பட்டார். கற்கை நிலையங்களில் மாலைக் கூட்டங்களும், கோடையில் ஒரு கிழமை உறைவிட வகுப்புக்களும் நடந்தன. தனியே சமையலறை மேசையிற் படித்தவர்கள், தம்மைப் போலவே ஐயுறுபவர் வேறிடத்திலும் உண்டென அங்கேதான் முதன்முதல் அறிந்தனர்.

மற்றொரு மாற்றமும் நிகழ்ந்தது. அதன் பயன் முதலில் எவருக்கும் முழுதாகப் புலப்படவில்லை. வழமையான பல்கலைக்கழகத்தில் விரிவுரையாளர் மண்டபத்துக்குள் என்ன கூறுகிறார் என்பது அவருக்கும் மாணவருக்கும் மட்டுமே தெரியும். திறந்த பல்கலைக்கழகத்திலோ ஒரு பாடத்தைக் குழுவொன்று கூடியே எழுதியது. ஒருவர் எழுதிய வரைவைச் சக ஆசிரியரும் ஒலிபரப்புத் தயாரிப்பாளரும் வாசித்து, இது விளங்கவில்லை, இது நிறுவப்படவில்லை என்று முகத்துக்கு நேரே கூறுவர். பல ஆண்டு புகழ் பெற்ற பேராசிரியருக்கு அது கசப்பான மருந்து. குழுவைத் தாண்டிய பாடநூல் கடைகளில் விற்பனைக்கு வந்தது. நிகழ்ச்சி தொலைக்காட்சியில் எல்லோர் வீட்டுக்கும் சென்றது. மதில் இல்லாத அந்த விரிவுரை மண்டபத்தை எவரும் எட்டிப் பார்க்கலாம். எட்டிப் பார்த்தோர் சிலர் சினமும் கொண்டனர். 1977இல் வெளியான ஓர் அறிக்கை, பிரித்தானிய உயர்கல்வியில் மார்க்சியக் கருத்துக்கள் ஊடுருவுகின்றன என்று குற்றஞ்சாட்டி, திறந்த பல்கலைக்கழகப் பாடங்கள் சிலவற்றையும் சுட்டிக்காட்டியது. அக்குற்றச்சாட்டு நியாயமானதா என்பது ஒருபுறமிருக்க, வேறு பல்கலைக்கழகங்களில் இவ்வாறான ஒரு பரிசோதனை நிகழ்வதற்கே வழியில்லை என்பது கவனிக்கத்தக்கது. மாணவர் ஆசிரியரை வினவலாம் என்று கூறும் நிறுவனத்தைப் பொதுமக்களும் வினவுவர். அதற்கு அஞ்சி மதில் எழுப்பினால், உள்ளிருக்கும் மாணவருக்கும் அதே மதில்தான்.

1979இல் அங்கே சமூகவியற் பேராசிரியராக வந்து சேர்ந்தவர் ஸ்டுவட் ஹோல். 1932இல் யமேக்காவிற் பிறந்து, 1951இல் புலமைப் பரிசில் பெற்று ஒக்ஸ்போட்டுக்கு வந்தவர். பர்மிங்காமில் பண்பாட்டு ஆய்வு நிலையத்துக்குத் தலைமை தாங்கியவர். பட்டமேற்படிப்பு மாணவர் சிலரோடு நடத்திய நுட்பமான ஆராய்ச்சியை விட்டு, முன்பயிற்சி இல்லாத சாதாரண மக்களுக்குக் கற்பிக்க அவர் விரும்பி வந்தார். மக்கள் பண்பாடு பற்றி 1982இல் தொடங்கிய பாடம், தொலைக்காட்சியும் பத்திரிகையும் பாட்டும் விடுமுறைக் கடற்கரையும் எவ்வாறு மனிதரின் எண்ணத்தை உருவாக்குகின்றன என்று ஆராய்ந்தது. தொலைக்காட்சி வழியாக வந்த பாடமே தொலைக்காட்சியை நம்பாதே, அதனை வாசித்துப் பார் என்று மாணவருக்குக் கூறிற்று! 1997வரை ஹோல் அங்கே பணியாற்றினார். எளிய மொழியில் எழுதுவதற்கு அப்பாடநூல்கள் அவரைக் கட்டாயப்படுத்தின. எளிமை ஆழத்துக்குப் பகையன்று என்பதற்கு அவை இன்றும் சான்று.

இலங்கையின் திறந்த பல்கலைக்கழகம் 1980இல் நிறுவப்பட்டது. நாவலவில் தலைமை நிலையமும், கண்டி, யாழ்ப்பாணம் முதலிய இடங்களிற் பிராந்திய நிலையங்களும் கொண்ட அது, தொழில் பார்த்துக்கொண்டே படிப்போருக்குக் கதவைத் திறந்தது. பிரித்தானிய முன்மாதிரியின் வலிமையும் இடர்ப்பாடும் இரண்டும் அதற்கு உரியன.

இடர்ப்பாடு யாதெனில், இரண்டாவது மணித்தியாலமே அதிகச் செலவுள்ளது. ஒரு பாடநூலை ஆயிரம் பேருக்கு அச்சிட்டாலும் பதினாயிரம் பேருக்கு அச்சிட்டாலும் எழுதும் உழைப்பு ஒன்றே. கட்டுரை திருத்துவதோ ஆளுக்கு ஆள் கூடும் செலவு. எனவே சிக்கனம் பேசப்படும்போதெல்லாம் கத்தி முதலில் அங்கேதான் விழுகிறது. 2015இல் பிரித்தானியத் திறந்த பல்கலைக்கழகம், இங்கிலாந்திலிருந்த தன் ஒன்பது பிராந்திய நிலையங்களில் ஏழினை மூடத் தீர்மானித்தது. 2018இல் நூறு மில்லியன் பவுண் அளவான சிக்கனத் திட்டம் அங்கே பெரும் எதிர்ப்பைக் கிளப்பியது. மறுபுறம், 2001இல் மசசூசெட்ஸ் தொழில்நுட்ப நிறுவனம் தன் பாடக் குறிப்புக்களை இணையவழி இலவசமாக்கப் போவதாக அறிவித்தது. இன்று உலகின் பெரும் பேராசிரியர் பலரின் விரிவுரையைக் கையடக்கத் தொலைபேசியிற் காசின்றிக் கேட்கலாம். முதலாவது மணித்தியாலம் இவ்வளவு மலிவாக என்றும் கிடைத்ததில்லை. அவ்விரிவுரையில் ஒரு வாக்கியம் தம் வாழ்வோடு ஒவ்வாதபோது, கேட்பவர் அதனை எவரிடம் கூறுவது என்பதற்கு மட்டும் பல இடங்களில் ஏற்பாடு இல்லை.

அந்தச் செலவுக்கு விளைவு உண்டா என்று கணக்கர் கேட்பது இயல்பே. லோங்டன் வகுப்பின் பின்கதை அதற்கு ஒருவகை விடையாகும். டோனியிடம் பயின்றோர் பட்டம் எதுவும் பெறவில்லை. ஆனால் 1911 முதல் அவர்களிற் பலர், தம் வேலை முடிந்த பின், சுற்றியிருந்த சுரங்கக் கிராமங்களுக்குச் சென்று தாமே வகுப்பு நடத்தலாயினர். வட ஸ்டபட்ஷயர்ச் சுரங்கத் தொழிலாளர் உயர்கல்வி இயக்கம் என அது பெயர் பெற்றது. கேட்டுப் பழகியவர்கள், இப்போது பிறர் கேட்க விடைகூறும் இடத்தில் நின்றனர். அப்பகுதி வகுப்புக்களிற் கற்பித்த ஏ. டி. லின்ட்சே என்பவர் பின்னர் பேலியல் கல்லூரித் தலைவரானார்; அப்பகுதிக்கென ஒரு பல்கலைக்கழகம் வேண்டும் என்ற எண்ணத்தையும் அவர் கைவிடவில்லை. 1949இல் கீல் என்னுமிடத்தில், லோங்டனிலிருந்து சில மைல் தொலைவில், வட ஸ்டபட்ஷயர்ப் பல்கலைக்கழகக் கல்லூரி நிறுவப்பட்டது. லின்ட்சே அதன் முதல் அதிபரானார். அங்கே பட்டப்படிப்பு நான்கு ஆண்டு. முதலாண்டில் கலை மாணவரும் விஞ்ஞான மாணவரும் ஒன்றாக அமர்ந்து ஒரே விரிவுரைகளைக் கேட்டனர். பின்னர் சிறு குழுக்களாகப் பிரிந்து, கேட்டதைப் பற்றி வாதித்தனர். 1950இல் முதல் மாணவர் வந்து சேர்ந்தபோது, டோனி 69 வயதினராய் உயிரோடிருந்தார்.